மூடப்படும் ஆலைகளும் ஏறும் லாபமும்: ஐரோப்பிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு எங்கே போகிறது?

ஃப்ளார்டிங்கன் நகரத்து ஆற்றங்கரையில் நின்று, நியூவே மாஸ் ஆற்றுக்கு அப்பால் தெற்கே பார்த்தால், பெர்னிஸ் சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்களும் உலைப் புகைபோக்கிகளும் வரிசையாகத் தெரியும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும் அந்த ஷெல் ஆலைதான் ஐரோப்பாவில் மிகப் பெரியது. இரவில் அங்கே எரிவாயுச் சுடர் பெரிதாக எரிந்தால், ஏதோ ஓர் அலகு நிறுத்தப்படுகிறது அல்லது மீண்டும் தொடங்கப்படுகிறது என்று பொருள். மறுநாள் காலையில் ரோட்டர்டாம் டீசல் விலையைப் பார்க்கும்போது அந்தச் சுடர் என் நினைவுக்கு வருவது வழக்கம்.

இத்துறையைத் தொடர்ந்து கவனிப்பவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆலைகளின் சுத்திகரிப்பு லாபம் நன்றாக ஏறியது. அதே ஆண்டில்தான் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத், இங்கிலாந்தின் லிண்ட்சி, ஜெர்மனியின் வெஸ்ஸலிங் ஆகிய மூன்று இடங்களில் கச்சா எண்ணெய் காய்ச்சுவது நின்றது. லாபம் வருகிற தொழிலை ஏன் மூடுகிறார்கள்? கேள்வி நியாயமானது. ஆலைகள் மூடப்பட்டதற்குப் பிறகும் லாபம் வந்தது என்று பார்ப்பதைவிட, ஆலைகள் மூடப்பட்டதாலும்தான் லாபம் வந்தது என்று பார்ப்பதே சரி என்பது என் கருத்து. பற்றாக்குறையால் வரும் லாபத்தை நம்பி எவரும் இருபது ஆண்டுகளுக்கான முதலீட்டைச் செய்யமாட்டார்கள். ஆகவே இனிவரும் ஆண்டுகளில் நல்ல லாபமும் தொடர்ந்த மூடல்களும் ஒன்றாகவே வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

முதலில் இந்த லாபத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் டீசலின் மொத்த விலை ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம், ஆன்ட்வெர்ப் துறைமுகங்களை ஒட்டியே அமைகிறது; விலை டன்னுக்கு டாலரில் சொல்லப்படும். கச்சா எண்ணெயின் விலையோ பீப்பாய்க்கு டாலரில் இருக்கும். ஒரு டன் டீசல் என்பது 7.45 பீப்பாய். எடுத்துக்காட்டாக, டீசல் டன்னுக்கு 700 டாலர் என்று வைத்துக்கொண்டால், 7.45ஆல் வகுக்க, பீப்பாய்க்குக் கிட்டத்தட்ட 94 டாலர் வரும். அன்றைக்கு, விலைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் பிரென்ட் கச்சா எண்ணெய் 70 டாலர் என்றால், இடையிலுள்ள 24 டாலர்தான் டீசலின் 'கிராக்' எனப்படும் விலை இடைவெளி. பார்ப்பதற்குப் பெரிய லாபம் போலத் தோன்றும். ஆனால் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் முழுவதும் டீசலாக மாறுவதில்லை. அதில் பெட்ரோல் வரும், விமான எரிபொருள் வரும், வேதித்தொழிலுக்குப் போகும் நாப்தா வரும், கோபுரத்தின் அடியில் கனமான எரியெண்ணெய் தங்கும். அந்த எரியெண்ணெய் பெரும்பாலான காலங்களில் கச்சா எண்ணெயைவிடக் குறைவான விலைக்கே விற்கும். வாங்கிய பொருளையே காய்ச்சி, வாங்கிய விலைக்கும் குறைவாக அதில் ஒரு பகுதியை விற்கும் தொழில் இது. மேலும், காய்ச்சுவதற்கான எரிபொருளாகக் கச்சா எண்ணெயின் ஒரு சிறு பங்கை ஆலையே தின்றுவிடும். இவை அனைத்தையும் கூட்டிக் கழித்த பிறகு கையில் நிற்பதுதான் சுத்திகரிப்பு லாபம். டீசல் கிராக் 24 டாலராக இருக்கும் நாளில் சாதாரண ஆலையொன்றின் கையில் அதில் பாதி நின்றாலே நல்ல நாள். கூலி, பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றை அதன் பிறகே கழிக்க வேண்டும்.

அடிப்படை அலகை மட்டும் வைத்திருக்கும் எளிய ஆலைக்கும், கனமான அடிமண்டியை உடைத்து டீசலாக்கும் ஹைட்ரோகிராக்கர், கோக்கர் போன்ற அலகுகளை வைத்திருக்கும் சிக்கலான ஆலைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது. ஒரே கச்சா எண்ணெய், ஒரே நாள், ஒரே துறைமுகம் என்றாலும், ஒன்று லாபத்திலும் மற்றொன்று நட்டத்திலும் ஓடலாம். ஐரோப்பாவில் மூடப்பட்ட ஆலைகளின் வரலாற்றைப் படித்தால், பெரும்பாலும் முதலில் விழுந்தவை சிறியவையும் எளியவையும், அல்லது பெரும் பராமரிப்பு நிறுத்தத்துக்கான செலவு வாசலில் வந்து நின்றபோது உரிமையாளருக்கு மனம் வராதவையும்தான் என்பது விளங்கும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலையை முழுவதுமாக நிறுத்தி, கலன்களைத் திறந்து, துருவேறிய குழாய்களை மாற்றி, வினையூக்கியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான பெருந்தொகையைச் செலவழிக்கலாமா என்று கணக்குப் பார்க்கும் நாளில்தான் ஓர் ஆலையின் விதி எழுதப்படுகிறது. அன்றாட லாபம் நன்றாக இருக்கும்போதுகூட மூடல் அறிவிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மூடல்கள் புதியவை அல்ல. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வந்த முதல் அலையில், பிரான்ஸின் டன்கெர்க் ஆலையும் ரைக்ஸ்டெட் ஆலையும் நின்றன; 2012 ஜனவரியில் பெட்ரோபிளஸ் நிறுவனம் திவாலானபோது இங்கிலாந்தின் கோரிட்டன் ஆலையும், அடுத்த ஆண்டில் பிரான்ஸின் பெட்டி கூரோன் ஆலையும் அதனோடு போயின. பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டாவது அலை வந்தது: ஃபின்லாந்தின் நான்தாலி, போர்ச்சுகலின் மத்தோசின்யோஸ், பாரிஸுக்கு அருகிலுள்ள கிராண்ட்பியூ ஆகியவை 2021 இல் கச்சா எண்ணெய்க்கு விடைகொடுத்தன. அப்போதெல்லாம் காரணம் வெளிப்படையாக இருந்தது. தேவை விழுந்தது, லாபம் விழுந்தது, நலிந்தவை விழுந்தன.

2022 இல் ரஷ்யா உக்ரைன்மீது முழுப் போர் தொடுத்ததும் கணக்கு தலைகீழானது. ஐரோப்பா இறக்குமதி செய்த டீசலில் ஏறத்தாழ பாதி ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கப்பல் வழியாக வரும் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு 2022 டிசம்பர் 5 ஆம் தேதியும், டீசல் உள்ளிட்ட பொருட்களுக்கு 2023 பிப்ரவரி 5 ஆம் தேதியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 2022 இல் டீசல் கிராக் 50 டாலரைத் தாண்டிய நாட்கள் இருந்தன. பல ஆண்டுகளாக நட்டத்தில் தள்ளாடிய ஆலைகள்கூட அந்த ஆண்டில் பணம் குவித்தன. சுத்திகரிப்பு நிறுவனங்களின் மிகைலாபத்தில் 33 விழுக்காட்டை 'ஒற்றுமைப் பங்களிப்பு' என்ற பெயரில் வசூலிக்க ஒன்றியம் விதி கொண்டுவரும் அளவுக்கு நிலைமை மாறியது. ஆனால் அந்த ஆண்டின் லாபத்தைக் கொண்டு எவரும் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டவில்லை. 1997 இல் கிழக்கு ஜெர்மனியின் லொய்னாவில் எழுந்ததைப் போன்ற புத்தம் புதிய ஆலையைப் பற்றிய பேச்சே இன்று ஒன்றியத்தில் இல்லை. 2024 இலையுதிர்காலத்தில் டீசல் கிராக் 15 டாலர் அளவுக்கு இறங்கியபோது, பழைய நோயாளிகள் மறுபடியும் படுக்கைக்குப் போனார்கள்.

கிரேஞ்ச்மவுத்தின் கதையை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 1924 இல் தொடங்கிய அந்த ஆலை, நாளொன்றுக்கு 1.5 லட்சம் பீப்பாய் திறனுடன், ஸ்காட்லாந்தின் ஒரே சுத்திகரிப்பு ஆலையாக இருந்தது. இனியோஸும் பெட்ரோசைனாவும் சேர்ந்து நடத்திய பெட்ரோஇனியோஸ் நிறுவனம், அதை இறக்குமதி முனையமாக மாற்றும் எண்ணத்தை 2023 நவம்பரில் வெளியிட்டு, 2024 செப்டம்பரில் உறுதிசெய்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டாலர் நட்டம் என்பது அந்நிறுவனம் அப்போது சொன்ன காரணம். 2025 ஏப்ரல் இறுதியில் கச்சா எண்ணெய் காய்ச்சுவது நின்றது. நானூறு பேர் அளவில் வேலை இழந்தார்கள். அதற்கு இரண்டே மாதங்களில், 2025 ஜூனில், ஹம்பர் கழிமுகத்தை ஒட்டிய லிண்ட்சி ஆலையை நடத்திய பிராக்ஸ் குழுமம் திவாலானது. ஆண்டின் தொடக்கத்தில் ஆறு பெரிய ஆலைகள் இருந்த பிரிட்டனில் ஃபாலி, ஹம்பர், பெம்ப்ரோக், ஸ்டான்லோ ஆகிய நான்கே மிஞ்சின. அதே ஆண்டு மார்ச்சில் ஷெல் நிறுவனம் கொலோன் அருகிலுள்ள வெஸ்ஸலிங்கில் கச்சா எண்ணெய் காய்ச்சுவதை நிறுத்தி, அங்குள்ள ஹைட்ரோகிராக்கரை மசகு எண்ணெய்களுக்கான அடிப்படை எண்ணெய் தயாரிக்கும் அலகாக மாற்றும் வேலையில் இறங்கியது.

இந்த மூன்றையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பீப்பாய் திறன் சந்தையிலிருந்து அகன்றது. பெர்னிஸ் அளவுக்கு ஓர் ஆலை ஓராண்டில் மறைந்தது என்று எண்ணிப்பார்க்கலாம். அதன்பின் நவம்பரில் டீசல் கிராக் 30 டாலரைத் தாண்டியது. ரஷ்ய ஆலைகள்மீது உக்ரைன் நடத்திய டிரோன் தாக்குதல்களும், அக்டோபர் 22 ஆம் தேதி ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட், லூக்காயில் என்ற எண்ணெய் நிறுவனங்கள்மீது அமெரிக்கா விதித்த தடைகளும் அதற்கு உடனடிக் காரணங்கள் என்பது உண்மை. ஆனால் அதே செய்திகள் 4 லட்சம் பீப்பாய் கூடுதல் திறனுள்ள ஐரோப்பாவை வந்தடைந்திருந்தால், விலை இவ்வளவு துள்ளியிருக்காது. மூடிய ஆலையின் லாபம் மூடாத ஆலைக்குப் போகிறது. ஹம்பர் ஆலையின் வேலிக்கு அப்பால்தான் லிண்ட்சி இருக்கிறது என்பதை நினைத்தால் இது இன்னும் துலக்கமாகப் புரியும்.

செலவுப் பக்கத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஐரோப்பிய ஆலைகளின் நிரந்தரச் சுமை அங்கேதான் இருக்கிறது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி ஒன்றியத்தில் 2009 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் வேண்டும். ஹைட்ரஜனை ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே எடுக்கின்றன. 2022 ஆகஸ்டில் ஐரோப்பிய எரிவாயு விலை ஒரு மெகாவாட்-மணி ஆற்றலுக்கு 300 யூரோவைத் தாண்டியது. 2025 இறுதியில் அது 30 யூரோவைச் சுற்றி இறங்கிவிட்டது. ஆனாலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலுள்ள அமெரிக்க ஆலை கொடுக்கும் எரிவாயு விலையைப் போல அது இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அமெரிக்க ஆலையின் டீசல்தான் அட்லாண்டிக்கைக் கடந்து ரோட்டர்டாமுக்கு வந்து போட்டியிடுகிறது.

அடுத்தது கார்பன் செலவு. ஒரு டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கத் தோராயமாக 0.2 டன் கரியமில வாயு வெளிப்படும் என்று எடுத்துக்கொள்வோம். பீப்பாய்க் கணக்கில் அது 27 கிலோ. கரியமில வாயுவை வெளியிட ஆலைகள் வாங்க வேண்டிய உரிமங்கள் விற்கும் ஒன்றியத்தின் உமிழ்வு உரிமச் சந்தையில் டன்னுக்கு 75 யூரோ என்றால், ஒரு பீப்பாய்க்கு 2 யூரோ ஆகிறது. இன்று அதில் பெரும்பகுதி இலவச உரிமங்களால் ஈடுகட்டப்படுகிறது. ஆகவே முழுச் சுமையும் ஆலையின்மீது விழவில்லை. ஆனால் ஒட்டுமொத்த உரிமங்களின் அளவு 2024 முதல் ஆண்டுக்கு 4.3 விழுக்காடும், 2028 முதல் 4.4 விழுக்காடும் குறையும்படி சட்டம் எழுதப்பட்டுள்ளது; இலவசப் பங்கைத் தீர்மானிக்கும் அளவுகோலும் இறுகிக்கொண்டே போகிறது. நல்ல ஆண்டில் பீப்பாய்க்கு 2 யூரோ பெரிதல்ல. நிகர லாபமே மூன்று, நான்கு டாலராக இருக்கும் சாதாரண ஆண்டில் அதுவே வாழ்வும் சாவும். எல்லையில் விதிக்கப்படும் கார்பன் வரி இரும்புக்கும் சிமெண்டுக்கும் உரத்துக்கும் உண்டு. இறக்குமதியாகும் டீசலுக்கு இல்லை. உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் கொலோனில் காய்ச்சிய டீசலுக்குக் கட்டணம் விதித்துவிட்டு, சவுதி அரேபியாவின் ஜுபைலில் காய்ச்சி ஆறாயிரம் கடல் மைலுக்கும் மேல் பயணித்து வந்த டீசலைக் கட்டணமின்றி இறக்க விடுவது உமிழ்வைக் குறைக்காது. அதை வேறொரு நாட்டின் கணக்கேட்டுக்கு மாற்றி எழுதுகிறது, அவ்வளவுதான்.

இனி, ஐரோப்பாவின் பழைய சிக்கலுக்கு வருவோம். இங்குள்ள பெரும்பாலான ஆலைகள் பெட்ரோல் தேவை வளர்ந்த 1950களிலும் 60களிலும் 70களிலும் வடிவமைக்கப்பட்டவை. கச்சா எண்ணெயின் கனமான பகுதிகளை உடைத்துப் பெட்ரோலாக்கும் வினையூக்கி உடைப்பு அலகுகள் அவற்றில் நிறைய. பின்னர் வரிச் சலுகைகளின் தயவால் ஐரோப்பியர்கள் டீசல் கார்களுக்கு மாறினார்கள்; ஒரு கட்டத்தில் விற்பனையான புதிய கார்களில் பாதிக்குமேல் டீசல். ஆலைகளில் பெட்ரோல் மிஞ்சியது, டீசல் போதவில்லை. மிஞ்சிய பெட்ரோல் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறியது. பற்றாத டீசல் ரஷ்யாவிலிருந்து வந்தது. இந்த இரட்டை வணிகத்தின்மேல்தான் பல பத்தாண்டுகள் ஐரோப்பியச் சுத்திகரிப்பு நின்றது. இப்போது இரண்டு கால்களும் ஆட்டம் கண்டிருக்கின்றன. ரஷ்யாவின் டீசல் போனது ஒருபுறம். மறுபுறம் நைஜீரியாவின் லாகோஸ் அருகே 6.5 லட்சம் பீப்பாய் திறனுள்ள டாங்கோட்டே ஆலை 2024 ஜனவரியில் இயங்கத் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் பெட்ரோலும் தரத் தொடங்கியது. ஐரோப்பாவின் மிகைப் பெட்ரோலை வாங்கிக்கொண்டிருந்த பெரிய வாடிக்கையாளரே ஆலை கட்டிக்கொண்டார்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. 2015 இல் வெடித்த ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார் புகையளவு மோசடிக்குப் பிறகு ஐரோப்பியர்கள் டீசல் காரைக் கைவிட்டார்கள். 2024 இல் ஒன்றியத்தில் பதிவான புதிய கார்களில் டீசல் 12 விழுக்காடுகூட இல்லை, முழு மின்கார் 13.6 விழுக்காடு. மிச்சப் பெரும்பகுதி பெட்ரோலும் ஹைப்ரிடும்தான். ஹைப்ரிட் கார்களில் பெரும்பாலானவை குடிப்பதும் பெட்ரோலையே. அதனால் மின்கார் பெருகும் இதே காலத்தில் ஐரோப்பாவின் பெட்ரோல் தேவை அண்மை ஆண்டுகளில் சற்று ஏறியும், டீசல் தேவை இறங்கியும் வருகிறது. பழைய ஏற்றத்தாழ்வு உள்நாட்டிலேயே மெல்ல மெல்லச் சமநிலையை நோக்கி நகர்கிறது என்று இதற்குப் பொருள். எஞ்சியிருக்கும் ஆலைகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் 2030களில் மின்கார்களின் எண்ணிக்கை சாலையில் இருக்கும் மொத்தக் கார்களிலேயே உணரத்தக்க பங்காகும்போது, இந்த ஆறுதல் நீடிக்காது. லாரி, விமானம், கப்பல், உழவு இயந்திரம் ஆகியவற்றின் எரிபொருள் தேவை அவ்வளவு விரைவில் போகாது. ஆக, நீண்டகாலத்தில் ஐரோப்பாவுக்கு வேண்டியது டீசலையும் விமான எரிபொருளையும் அதிகமாகத் தரக்கூடிய ஆலை. அத்தகைய ஆலைகளே எஞ்சும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்பதுதான் என் கவலை. எந்த ஆலை மூடப்படுகிறது என்பதை நாட்டின் தேவை தீர்மானிப்பதில்லை. பராமரிப்புச் செலவும் உரிமையாளரின் கடன் நிலையும் தீர்மானிக்கின்றன.

ரஷ்ய டீசலின் இடத்தை அமெரிக்காவும் சவுதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இந்தியாவும் நிரப்பின. செங்கடலில் ஏமனின் ஹூதி படையினர் 2023 இறுதியில் தொடங்கிய தாக்குதல்களுக்குப் பிறகு, கிழக்கிலிருந்து வரும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கின. பயணம் இரண்டு வாரம் அளவுக்கு நீண்டது. இப்போது அதன்மேல் இன்னொரு அடுக்கு வந்திருக்கிறது. ரஷ்யாமீது ஒன்றியம் 2025 ஜூலையில் ஏற்ற 18ஆவது தடைத் தொகுப்பின்படி, ரஷ்யக் கச்சா எண்ணெயிலிருந்து மூன்றாம் நாடுகளில் தயாரான பொருட்களையும் 2026 ஜனவரி 21 முதல் ஒன்றியம் ஏற்காது. கப்பலில் ஏற்றுவதற்கு முந்தைய 60 நாட்களில் அந்த ஆலை ரஷ்ய எண்ணெயைத் தொடவில்லை என்று காட்ட வேண்டிய நிலை. தாள்களும் சான்றுகளும் பெருகும்; கப்பல்கள் திசை மாறும்; விலையில் பீப்பாய்க்குச் சில டாலர் ஏறும். அந்தச் சில டாலரும் ஐரோப்பிய ஆலையின் லாபமாகவே கணக்கில் வரும்.

ஐரோப்பிய ஆலைகள் எல்லாம் ஒன்றுபோல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ரோட்டர்டாம், ஆன்ட்வெர்ப் போன்ற துறைமுக ஆலைகள் உலகம் முழுவதிலுமிருந்து கச்சா எண்ணெய் வாங்கலாம். ஆனால் உலகம் முழுவதிலுமிருந்து வரும் டீசலோடும் போட்டியிட வேண்டும். கார்ல்ஸ்ரூ, இங்கோல்ஷ்டாட், வியன்னா அருகிலுள்ள ஷ்வெகாட் போன்ற, கடற்கரையிலிருந்து தள்ளியுள்ள உள்நாட்டு ஆலைகளுக்கு இத்தாலியின் ட்ரியஸ்டே துறைமுகத்திலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வரும் குழாய் கச்சா எண்ணெய் தருகிறது. அவற்றின் வாடிக்கையாளர்களுக்கு இறக்குமதி டீசல் போய்ச்சேர ரைன் ஆற்றுப் படகையோ ரயிலையோ நம்ப வேண்டும். 2022 ஆகஸ்டில் காவுப் என்ற இடத்தில் ரைன் நீர்மட்டம் வற்றி, படகுகள் கொள்ளளவில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றிச் சென்றபோது, உள்நாட்டு ஆலையின் மதிப்பு என்ன என்பது தெற்கு ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நன்றாகத் தெரிந்தது. அடுத்த அலையில் உள்நாட்டு ஆலைகள் துறைமுக ஆலைகளைவிட நீண்டு நிற்கும் என்று நான் நினைப்பதற்கு இந்த ஆற்றுப் படகுக் கூலிதான் காரணம்.

தடைகளால் சிக்கலில் இருக்கும் ஆலைகள் தனிக்கதை. பெர்லினுக்கு எரிபொருள் தரும் ஷ்வெட் ஆலையில் ரோஸ்நெஃப்டின் பங்குகளை ஜெர்மன் அரசு 2022 செப்டம்பரில் தன் பொறுப்பாட்சியின்கீழ் கொண்டுவந்தது. உரிமைக் கேள்வி இன்னும் தீரவில்லை. லூக்காயிலுக்குச் சொந்தமான பல்கேரியாவின் புர்காஸ் ஆலைக்கு 2025 நவம்பரில் அந்நாட்டு அரசு தனி மேலாளரை நியமிக்க வேண்டியதாயிற்று. செர்பியாவின் பான்செவோ ஆலை அமெரிக்கத் தடையால் கச்சா எண்ணெய் கிடைக்காமல் 2025 டிசம்பரில் நின்றது.

யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்பது எனக்கு எல்லாவற்றையும்விடத் தெளிவான குறிப்பாகப் படுகிறது. பெரிய எண்ணெய் நிறுவனங்கள் வெளியேறுகின்றன. பிபி தன் கெல்சன்கிர்ஷன் ஆலையை விற்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. எக்ஸான் குழுமம் மார்செய் அருகிலுள்ள ஃபோஸ் ஆலையை 2024 இல், டிராஃபிகுரா இணைந்த ஒரு கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. சர்டீனியாத் தீவில் சர்ரோக் ஆலையை நடத்தும் சராஸ் நிறுவனத்தை அதே ஆண்டில் விட்டோல் வாங்கியது. வாங்குபவர்கள் பெரும்பாலும் எண்ணெய் வணிகர்கள். அவர்களுக்கு ஓர் ஆலை என்பது கோபுரமும் உலையும் மட்டுமல்ல. அது கிடங்கு, கப்பல்துறை, விலை ஏறி இறங்கும்போது எந்தப் பக்கமும் சாய்ந்துகொள்ளக் கிடைக்கும் வாய்ப்பு. சந்தை ஆட்டம் காணக் காண அவர்களுக்கு வருவாய் கூடும். அவர்கள் ஆலையை நன்றாகவே நடத்தலாம். ஆனால் பத்தாண்டுக்குப் பிறகு பலன் தரும் பெரிய அலகொன்றைக் கட்டுவார்களா என்றால், என் பதில் இல்லை என்பதே. கடன் வாங்கி ஆலை வாங்கியவர்களுக்கு மோசமான ஆறு மாதங்களைத் தாங்கும் வலுவும் இருப்பதில்லை. பெட்ரோபிளஸ் 2012 இல் காட்டியதையே லிண்ட்சி 2025 இல் மறுபடியும் காட்டியது.

உயிரி எரிபொருள் ஆலையாக மாற்றுவதைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. வெனிஸ் அருகிலுள்ள போர்ட்டோ மார்கேரா ஆலையை இத்தாலியின் எனி நிறுவனம் 2014 இல் அப்படி மாற்றிக்காட்டியது. உலகிலேயே அதுதான் முதல். பின்னர் சிசிலியின் ஜேலா, பிரான்ஸின் லா மேட் ஆகியவை வந்தன. லிவோர்னோவில் இப்போது வேலை நடக்கிறது. விமான எரிபொருளில் 2025 இல் 2 விழுக்காடும் 2030 இல் 6 விழுக்காடும், கழிவெண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்த 'நிலைத்த' எரிபொருள் இருக்க வேண்டும் என்ற ஒன்றிய விதி இவற்றுக்குச் சந்தை தருகிறது. ஆனால் அளவைப் பாருங்கள். நாளொன்றுக்கு 80,000 பீப்பாய் அளவில் கச்சா எண்ணெய் காய்ச்சிய லிவோர்னோ, ஆண்டுக்கு 40 லட்சம் டன் திறனுள்ளதாக இருந்தது. மாறிய பிறகு அது ஆண்டுக்கு 5 லட்சம் டன் உயிரி மூலப்பொருளைப் பதப்படுத்தும். எட்டில் ஒரு பங்கு. பயன்படுத்திய சமையல் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கச்சா எண்ணெயைப் போலக் கிணற்றிலிருந்து பீறிட்டு வருவதில்லை. இந்த மாற்றங்கள் நல்லவை, வேலைகளையும் ஓரளவு காக்கின்றன. எரிபொருள் கணக்கில் மட்டும் அவற்றை மூடலாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

வேதித்தொழிலும் பழையபடி கைகொடுக்காது. ஆலையின் நாப்தாவைக் குழாய் வழியே வாங்கி, நெகிழிக்கு மூலப்பொருளான எத்திலீனைத் தயாரித்த பக்கத்து ஆலைகள் ஐரோப்பா முழுவதும் மூடப்பட்டு வருகின்றன. எக்ஸான் 2024 இல் கிராவன்ஷோனில் மூடியது. எனியின் வேதிப்பிரிவு 2025 இல் பிரிந்திசியில் நிறுத்தியது. ஒன்றிணைந்த வளாகம் என்பது பாதுகாப்பு என்றுதான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தோம். ஒரு பக்கம் சரியும்போது அதே இணைப்பு மறுபக்கத்தையும் இழுக்கும்.

ஆக, எதிர்பார்ப்பு என்ன? 2026 முதல் 2030 வரையிலான காலத்தில் ஐரோப்பிய லாபத்தின் சராசரி 2010களைவிட உயரமாகவும், ஏற்ற இறக்கம் அதைவிடப் பல மடங்காகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு தடை அறிவிப்பு, ஒரு நீரிணைப் பதற்றம், குளிர்காலத்தில் பழுதாகும் ஒரு ஹைட்ரோகிராக்கர் போதும், டீசல் கிராக் சில வாரங்களில் இரட்டிப்பாகும். மத்திய கிழக்கிலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எழுந்த புதிய ஆலைகள் முழுவேகத்தில் ஓடும் மாதங்களில் அது பாதியாகும். அப்படிப் பாதியாகும் நேரத்தில் எந்த ஆலையின் பராமரிப்புச் செலவு வாசலில் நிற்கிறதோ அது மூடப்படும். நான் பார்க்கும் வரையில், ஐரோப்பாவில் திறன் குறையும் முறை இதுதான். திட்டமிட்ட இறக்கமாக அது இல்லை.

இதில் அரசுகள் உடனே திருத்தக்கூடிய ஓர் இடம் இருக்கிறது; அதைப் பற்றி எவரும் போதிய அளவு பேசுவதில்லை. ஒன்றிய நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான அவசர இருப்பை வைத்திருக்க வேண்டும் என்பது 2009 ஆம் ஆண்டின் நெறிமுறை. அதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு டீசல், பெட்ரோல் போன்ற ஆயத்தப் பொருட்களாக இருக்க வேண்டும் என்கிறது பொதுவிதி. மீதியைக் கச்சா எண்ணெயாகவே வைத்துக்கொள்ளலாம். அந்த விதி எழுதப்பட்டபோது ஐரோப்பாவில் அந்தக் கச்சா எண்ணெயைக் காய்ச்ச இடமிருந்தது. இன்று ஒரு நாட்டின் ஒரே ஆலை மூடப்பட்டாலும், குகைக் கிடங்கிலுள்ள கச்சா எண்ணெய் ஏட்டில் அதே 90 நாளாகவே எண்ணப்படும். லாரிக்கு அதை ஊற்ற முடியாது. எந்தெந்த ஆலைகள் நின்றால் எந்தெந்தப் பகுதி வறண்டுபோகும் என்று வரைபடம் போட்டு, அதற்கேற்ப ஆயத்த டீசலின் பங்கை உயர்த்துவதற்கு ஆலை கட்டும் அளவுக்குச் செலவும் ஆகாது. மூடலைத் தடுக்க மானியம் கொடுக்கலாமா என்ற நீண்ட வாதத்துக்கு முடிவு கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

கிரேஞ்ச்மவுத்துக்கு மிக அருகில், கினீல் என்ற இடத்தில், வடகடலின் ஃபோர்ட்டீஸ் குழாய் வந்து முடிகிறது. கடலடியிலிருந்து வரும் கச்சா எண்ணெய் அங்கே வாயு பிரிக்கப்பட்டு, ஃபோர்த் கழிமுகத்தின் ஹவுண்ட் பாயின்ட் துறையில் கப்பலேறிப் போகிறது. முன்பு அதில் ஒரு பங்கு பக்கத்து ஆலைக்குள் போய் டீசலாக வெளிவந்தது. இப்போது கச்சா எண்ணெய் முழுவதும் அந்தக் கழிமுகத்தின் வழியே வெளியேற, வேறெங்கோ காய்ச்சிய டீசலை ஏற்றிக்கொண்டு சிறிய கப்பல்கள் அதே கழிமுகத்தில் எதிர்த்திசையில் உள்ளே வருகின்றன.